அழிக்கப்பட்ட ஆதாரமும் இல்லாத ஆதாரமும்

மீனாட்சிபுரத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. அவருடைய தாய்மாமா, 2018-ஆம் ஆண்டின் கேரள வெள்ளம் வேண்டுமென்றே உண்டாக்கப்பட்டது என்றும், தடுப்பூசிகள் மக்கள்தொகையைக் குறைக்க வந்தவை என்றும், ஆழியாற்றிலிருந்து பாலக்காடு மாவட்டத்துச் சித்தூருக்கு வர வேண்டிய தண்ணீர் இரவோடு இரவாகத் திருப்பப்படுகிறது என்றும் உறுதியாக நம்புகிறார். மறுப்பாக எதைக் காட்டினாலும், "உண்மையான ஆதாரத்தை அழித்துவிட்டார்கள், அது கிடைக்காமல் இருப்பதே சதிக்குச் சாட்சி" என்று பேச்சை முடித்துவிடுகிறார். கூடவே, கோக்கோ கோலா ஆலையை எதிர்த்துப் போராடிய ஊரைச் சொல்லி, "பிளாச்சிமடைக்காரர்கள் கிணறு கெட்டுப்போச்சு என்று சொன்னபோதும் இப்படித்தான் சிரித்தீர்கள்" என்று அவர் சொல்லும்போது மருமகனுக்கு வாயடைத்துப் போகிறது. சதி என்று சொல்லப்படுவதையெல்லாம் ஒதுக்கிவிடலாமா, கூடாதென்றால் எதை வைத்துப் பிரிப்பது, மாமாவோடு பேசிப் பயன் உண்டா என்று கேட்கிறார். சதிகள் நடக்குமா என்பதில் அவருக்கே சந்தேகம் இல்லை. மறைத்துவிட்டதால் கண்ணில் படாத ஆதாரத்தையும், இல்லவே இல்லாததால் கண்ணில் படாத ஆதாரத்தையும் வெளியிலிருந்து பார்க்கிற ஒருவர் எப்படி வேறுபடுத்துவது என்பதுதான் அவருடைய கேள்வியின் உயிர் என்று நான் புரிந்துகொள்கிறேன்.

சித்தூர், பாலக்காடு நீதிமன்றங்களில் நெடுங்காலம் வக்கீல் தொழில் செய்தவன் நான். கிரிமினல் வழக்குகளும் நில வழக்குகளுமே என் அன்றாடம். மனிதர்கள் ஏன் இப்படி நம்புகிறார்கள் என்பது உளவியலாளர்களின் துறை. அதில் எனக்குப் பயிற்சி கிடையாது, படித்ததில் கொஞ்சத்தைக் கடைசியில் சொல்கிறேன். ஆனால் சதியை ஒரு குற்றமாக வைத்து அதை எப்படி மெய்ப்பிப்பது என்று நீதிமன்றங்கள் நூறாண்டுக்கு மேலாக மண்டையை உடைத்துக்கொண்டு வந்திருக்கின்றன. குற்றச்சதியைத் தனிக் குற்றமாக்கிய 120-ஏ, 120-பி பிரிவுகள் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 1913-இல் சேர்க்கப்பட்டவை. இப்போது அவை பாரதிய நியாய சன்ஹிதாவின் 61-ஆம் பிரிவாக இருக்கின்றன. அந்தப் பழக்கத்திலிருந்து வீட்டுத் திண்ணைக்கும் பயன்படக்கூடிய சில விதிகள் கிடைக்கும் என்பது என் எண்ணம்.

முதலில் மாமாவின் பக்கம் உள்ள நியாயத்தைச் சட்டமே ஒப்புக்கொள்கிறது என்பதைச் சொல்லிவிட வேண்டும். சதி செய்கிறவர்கள் முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுச் செய்வதில்லை. இந்திரா காந்தி கொலை வழக்கில் 1988-இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், சதி இரகசியமாகத் தீட்டப்படுவது, அதற்கு நேரடிச் சாட்சியம் அரிதாகவே கிடைக்கும் என்பதை ஏற்றுக்கொண்டுதான் சூழ்நிலைச் சாட்சியத்தை எடைபோட்டது. ஆகவே "நேரில் பார்த்தவர் யார்?" என்று கேட்டுவிட்டால் மாமாவின் வாதம் விழுந்துவிடும் என்று மருமகன் நினைத்தால், அவர் சட்டத்தைவிடக் கடுமையான விதியைக் கையில் எடுக்கிறார் என்றே சொல்வேன். ஆனால் அதே தீர்ப்பில் இன்னொன்றும் நடந்தது. சதியில் பங்கு கொண்டதாகத் தண்டிக்கப்பட்டிருந்தவர்களில் கேஹர் சிங்கின் தண்டனையை உறுதிசெய்த நீதிமன்றம், பல்பீர் சிங்கை விடுதலை செய்தது. அவரைச் சதியோடு இணைக்கப் போதுமான சாட்சியம் இல்லை என்றது. நாட்டின் பிரதமரைக் கொன்ற வழக்கு, மக்களின் கொந்தளிப்பு அடங்காத காலம், சதி என்ற ஒன்று இருந்ததில் நீதிமன்றத்துக்கு ஐயமில்லை. அப்படியிருந்தும் ஒருவரை அதற்குள் இழுத்துப் போட வெறும் சந்தேகம் போதவில்லை.

சூழ்நிலைச் சாட்சியத்துக்கு 1984-ஆம் ஆண்டின் சரத் பிர்திசந்த் சர்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த நிபந்தனைகளை இன்றும் ஒவ்வொரு செஷன்ஸ் நீதிமன்றத்திலும் மேற்கோள் காட்டாத நாள் இல்லை. அவற்றின் சாரம் இதுதான்: எந்தச் சூழ்நிலைகளிலிருந்து முடிவுக்கு வருகிறோமோ அந்தச் சூழ்நிலை ஒவ்வொன்றும் தனித்தனியே முழுமையாக மெய்ப்பிக்கப்பட்டிருக்க வேண்டும், எல்லாம் சேர்ந்து ஒரு முடிவையே காட்ட வேண்டும், வேறு நியாயமான விளக்கத்துக்கு இடம் இருக்கக் கூடாது. பொதுவெளியில் சுற்றும் பெரும்பாலான சதிக்கதைகள் இடறி விழுவது முதல் நிபந்தனையிலேயேதான். பத்துச் சந்தேகங்களை வரிசையாக அடுக்கினால் கேட்பவருக்கு ஒரு சங்கிலி போலத் தோன்றிவிடுகிறது, ஒவ்வொன்றையும் தனியாக எடுத்து "இது நடந்தது என்று எப்படித் தெரியும்?" என்று கேட்டால் பத்தும் ஒன்றையொன்று சாட்சிக்கு அழைக்கின்றன.

இனி அழிக்கப்பட்ட ஆதாரம். மாமாவின் வாதத்துக்குச் சட்டத்தில் ஒரு நெருங்கிய உறவு உண்டு. பழைய சாட்சியச் சட்டத்தின் 114-ஆம் பிரிவில், கொண்டுவந்திருக்கக்கூடிய சாட்சியத்தை ஒருவர் கொண்டுவராமல் வைத்துக்கொண்டால், அது வந்திருந்தால் அவருக்குப் பாதகமாக இருந்திருக்கும் என்று நீதிமன்றம் அனுமானிக்கலாம் என்று ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்திலும் அந்தக் கருத்து அப்படியே தொடர்கிறது. ஆனால் அந்த அனுமானத்தைக் கேட்கிற வக்கீல் வெறுங்கையோடு எழுந்து நிற்க முடியாது. அப்படியொரு ஆவணம் இருந்தது, அது எதிர்த்தரப்பின் கைவசம் இருந்தது, கேட்டும் தரவில்லை என்று மூன்றையும் அவர் காட்ட வேண்டும். ஒரு பதிவேட்டில் 42-ஆம் பக்கத்துக்கு அடுத்து 44 வருகிறது, நடுவில் தையலோரம் கிழிந்த தாளின் விளிம்பு நிற்கிறது, அடுத்த பக்கத்தின் கூட்டுத்தொகை முந்தைய பக்கத்தோடு ஒட்டவில்லை என்றால், அந்தப் பதிவேட்டை நீதிபதியின் கையில் கொடுத்துவிட்டு நான் பேசாமல் உட்கார்ந்துவிடுவேன். ஆவணத்தை அழிப்பவர்கள் பெரும்பாலும் இப்படி ஏதாவது ஒரு தடத்தை விட்டுவிட்டுத்தான் போகிறார்கள். பதிவேடு இருந்ததற்கே அடையாளம் இல்லாத இடத்தில் "பக்கத்தைக் கிழித்துவிட்டார்கள்" என்று சொல்வது வேறு வகை. மாமாவிடம் கேட்க வேண்டியது, "எது அழிக்கப்பட்டது, அது முன்னே இருந்தது என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?" என்பதைத்தான்.

சாட்சியச் சட்டத்தில் பலரும் கவனிக்காமல் கடந்துபோகும் இன்னொரு ஏற்பாடு, ஒரு விஷயத்துக்கு இரண்டல்ல, மூன்று நிலைகள் உண்டு என்பது. மெய்ப்பிக்கப்பட்டது, பொய்யென்று காட்டப்பட்டது, இரண்டும் ஆகாமல் மெய்ப்பிக்கப்படாமல் நிற்பது. மெய்ப்பிக்கப்பட்டது என்பதற்கும் கணக்குப் பாடத்தின் உறுதியைச் சட்டம் கேட்கவில்லை. விவேகமுள்ள ஒரு மனிதர் அது உண்மை என்று எடுத்துக்கொண்டு காரியத்தில் இறங்கத்தக்க அளவுக்கு அது நிகழத்தக்கதாகத் தோன்றினால் போதும். வீட்டு வாக்குவாதங்களில் மூன்றாவது நிலை காணாமல் போய்விடுகிறது. மருமகன் "பொய்" என்கிறார், மாமா "உண்மை" என்கிறார். "இதுவரை மெய்ப்பிக்கப்படவில்லை" என்று சொல்ல இரண்டு பேருக்கும் மனம் வருவதில்லை. வக்கீலாக இருந்தவனுக்கு அந்த மூன்றாவது இடம் பழகிப்போன இடம். பல வழக்குகள் அங்கேதான் முடிகின்றன.

பிளாச்சிமடையை இந்த வெளிச்சத்தில் பார்க்கலாம். நம் பெருமாட்டி பஞ்சாயத்தில் 2000-இல் கோக்கோ கோலா ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. கிணற்றுத் தண்ணீரில் சோறு வேகவில்லை, குளித்தால் உடம்பு அரிக்கிறது என்று சுற்றுப்புறத்துப் பெண்கள் சொல்லத் தொடங்கினார்கள். தமிழ் பேசும் இரவாளர் சமூகத்தைச் சேர்ந்த மயிலம்மா அவர்களில் முன்னால் நின்றவர். 2002 ஏப்ரலில் ஆலை வாசலில் போராட்டம் தொடங்கியது. அவர்களை அன்று நம்பாதவர்கள் நிறையப் பேர் என்பதில் மாமா சொல்வது சரிதான். ஆனால் அவர்கள் முன்வைத்தது என்ன மாதிரியான கூற்று என்பதைக் கவனிக்க வேண்டும். இந்தக் கிணறு, இந்தத் தண்ணீர், உரம் என்று சொல்லி விவசாயிகளுக்கு ஆலை கொடுத்த இந்தக் கழிவு மண் என்று எல்லாம் கையால் தொட்டுக் காட்டக்கூடியவை. யார் வேண்டுமானாலும் குப்பியில் எடுத்துக்கொண்டு போய்ச் சோதிக்கலாம். சோதனையில் ஒன்றும் இல்லை என்று வந்தால் அவர்கள் தோற்றுவிடலாம். 2003 ஜூலையில் பிபிசி வானொலிக்காக எக்ஸெட்டர் பல்கலைக்கழகத்தில் சோதித்தபோது அந்தக் கழிவில் ஈயமும் காட்மியமும் இருப்பது தெரிந்தது. பிறகு அந்தக் கழிவை விவசாயிகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தடுத்தது. 2004 மார்ச்சில் மூடிய ஆலை திரும்பத் திறக்கவில்லை. 2010-இல் கேரள அரசு அமைத்த உயர்மட்டக் குழு சேதத்தை 216.26 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டது.

இதிலேயே மாமாவுக்கு உவப்பாக இல்லாத ஒரு பகுதியும் இருக்கிறது. நிலத்தடி நீர் வற்றியதற்கு ஆலை ஒன்றே காரணமா என்ற கேள்வியில், மழைக்குறைவும் ஒரு காரணம் என்று நிபுணர் குழு அறிக்கை சொன்னது. அதை வைத்து 2005-இல் உயர் நீதிமன்றத்தின் டிவிஷன் பெஞ்ச், நாளொன்றுக்கு 5 லட்சம் லிட்டர் வரை ஆலை எடுக்கலாம் என்றது. அந்தத் தீர்ப்பில் எனக்கு உடன்பாடில்லை. ஆனாலும் கழிவில் நச்சு உலோகம் இருந்தது என்பதும், கிணறு வற்றியது முழுக்க ஆலையால்தான் என்பதும் ஒரே அளவு உறுதியானவை என்று நான் சொல்ல மாட்டேன். முதலாவது சோதனைச்சாலையில் வந்தது, இரண்டாவது இன்றும் வாதத்துக்கு உரியது. பிளாச்சிமடை மாமாவின் மற்றக் கதைகளுக்குக் கைகொடுக்காது. அந்தப் பெண்கள் கடந்துவந்த சோதனையை மற்றக் கதைகளும் கடந்துவர வேண்டும் என்றுதான் அது கேட்கும்.

வெள்ளத்துக்கு வருகிறேன். 2018 ஜூன் 1 முதல் ஆகஸ்ட் 19 வரை கேரளத்தில் வழக்கமாகப் பெய்ய வேண்டியது 1,649.5 மில்லிமீட்டர், பெய்தது 2,346.6 மில்லிமீட்டர், அதாவது 42 சதவீதம் கூடுதல் என்பது மத்திய நீர்வள ஆணையத்தின் கணக்கு. இடுக்கியின் செறுதோணி மதகுகள் 26 ஆண்டுகளுக்குப் பிறகு திறக்கப்பட்டன. பெரியாறு அணை 142 அடியை எட்டி, அங்கிருந்தும் தண்ணீர் இடுக்கிக்குப் பாய்ந்தது. அப்படித் திடீரென்று திறந்ததும் ஒரு காரணம் என்று கேரள அரசு உச்ச நீதிமன்றத்தில் சொன்னது, தமிழ்நாடு மறுத்தது, நீர்மட்டத்தை அந்த மாத இறுதி வரை 139 அடியில் வைக்கும்படி நீதிமன்றம் சொன்னது. வெள்ளத்துக்குக் காரணம் பெருமழைதான் என்றது நீர்வள ஆணையம். அணைகளைக் கையாண்டதில் குறை இருக்கிறது, தனி விசாரணை வேண்டும் என்று 2019-இல் கேரள உயர் நீதிமன்றத்துக்கு உதவ நியமிக்கப்பட்ட வக்கீல் அறிக்கை கொடுத்தார். அரசு அதை ஏற்கவில்லை.

இவற்றில் மூன்று வேறு கூற்றுகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. யாராலும் தாங்க முடியாத மழை என்பது ஒன்று. முன்கூட்டியே கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்திருக்கலாம், கணிப்பில் தவறினார்கள் என்பது இரண்டாவது. ஊரை மூழ்கடிக்க வேண்டும் என்று யாரோ முடிவெடுத்தார்கள் என்பது மூன்றாவது. முதலாவதுக்கு அளவைகள் இருக்கின்றன. இரண்டாவது நேர்மையான ஆட்கள் இரண்டு பக்கமும் நின்று வாதிடும் விஷயம். அதில் மாமா சந்தேகப்பட்டால் அவரைக் கேலி செய்ய யாருக்கும் உரிமையில்லை. மூன்றாவதுக்கு ஒரு துண்டுச் சீட்டுகூட இதுவரை வரவில்லை. இரண்டாவதுக்கு உரிய நியாயத்தை மூன்றாவதின் கணக்கில் வரவு வைப்பதுதான் இத்தகைய கதைகளின் வழக்கமான உத்தி. குமுளிக்கு இந்தப் பக்கம் ஒரு கதையும் அந்தப் பக்கம் அதற்கு நேர் எதிரான கதையும் ஒரே உறுதியோடு சொல்லப்படுவதை, இரண்டு மொழிச் செய்தித்தாளையும் படிக்கிற நம்மைப் போன்றவர்கள் கொஞ்சம் பயன்படுத்திக்கொள்ளலாம்.

என் கட்சிக்காரர் ஒருவரின் வழக்கு இங்கே பொருந்தும். கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருந்தவர். எல்லைக் கல்லை நகர்த்திவிட்டார்கள், பக்கத்துத் தோட்டக்காரரும் சர்வேயரும் கிராம அலுவலகத்தில் உள்ளவர்களும் கூட்டு என்று கட்டுக் கட்டாகக் காகிதத்தோடு வந்தார். காகிதம் எல்லாம் அவர் எழுதிய மனுக்கள். எதிராக வரும் ஆவணம் ஒவ்வொன்றையும் போலி என்றார். எந்த ஆவணம் வந்தால் வழக்கை விட்டுவிடுவீர்கள் என்று கேட்டேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் சற்று யோசித்துவிட்டு, எதிர்த்தரப்பின் தகப்பனார் காலத்துப் பாகப் பத்திரத்தில் கிணற்றுக்கு மேற்கே எத்தனை கோல் என்று எழுதியிருப்பார்கள், அது தன் கணக்கோடு ஒத்துவராவிட்டால் விட்டுவிடுகிறேன் என்றார். சப்-ரிஜிஸ்திரார் அலுவலகத்தில் நகல் எடுத்தோம். அளவு அவர் சொன்னதோடு ஒத்துப்போனது. கல் நகர்ந்திருந்தது உண்மை. ஆனால் நீதிமன்றம் அனுப்பிய கமிஷனர் வந்து அளந்தபோது அந்த வரிசையில் இருந்த நாலைந்து தோட்டங்களிலும் கல் ஒரே பக்கமாக, ஏறத்தாழ ஒரே அளவு தள்ளியிருந்தது. வாய்க்காலை அகலப்படுத்தியபோது பிடுங்கிய கற்களை வேலைக்காரர்கள் ஒரு குத்துமதிப்பில் திரும்ப நட்டிருக்கிறார்கள். எதிரி என்று அவர் நினைத்தவரும் மறுபக்கத்தில் அதே அளவு நிலத்தை இழந்திருந்தார். நிலம் திரும்பக் கிடைத்தது. கூட்டுச் சதி என்ற பகுதியை மட்டும் அவர் கடைசி வரை விடவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். தனக்கு நேர்ந்த இழப்பைச் சரியாக உணர்ந்தவர், அதைச் செய்தவர் யார் என்பதில் தவறியிருக்கலாம் என்பதை அதன்பின் பல வழக்குகளில் பார்த்தேன்.

தடுப்பூசி விஷயத்திலும் இதே பின்னல்தான். ஆந்திரத்தின் கம்மத்தில், இப்போது தெலங்கானாவில் இருக்கிறது, 2009-இல் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு எதிரான தடுப்பூசியை ஏறத்தாழ 14,000 சிறுமிகளுக்குப் போட்டார்கள். பாத் என்ற அமெரிக்கத் தொண்டு நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் சம்பந்தப்பட்ட திட்டம். பெற்றோரின் ஒப்புதல் இருக்க வேண்டிய படிவங்களில் விடுதி வார்டன்களும் தலைமை ஆசிரியர்களும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். 2013-இல் நாடாளுமன்ற நிலைக்குழு இதைக் கடுமையாகக் கண்டித்தது. ஏழைப் பெண்களின் சம்மதத்தைக் கேட்காமல் நடந்தார்கள் என்பது மெய்ப்பிக்கப்பட்ட செய்தி. குஜராத்தையும் சேர்த்து ஏழு சிறுமிகள் இறந்ததை ஆராய்ந்த குழு, பாம்புக்கடி, நீரில் மூழ்கியது, பூச்சிமருந்து, மலேரியா என்று காரணங்களைக் கண்டது. ஊசியால் இறந்தார்கள் என்பது மெய்ப்பிக்கப்படவில்லை. மக்கள்தொகையைக் குறைக்கும் திட்டம் என்பதற்கு இதில் எந்த இழையும் இல்லை. கம்மத்தைச் சொல்லி மாமா கோபப்பட்டால் கோபத்தில் கலந்துகொள்ளுங்கள், முடிவில் மட்டும் பிரிந்துகொள்ளுங்கள்.

இதுவரை சொன்னவை மாமாவின் கதைகள். நமக்குப் பிடித்த கதைகளையும் இதே தராசில் வைக்க வேண்டும் என்பதால் நம்பி நாராயணனின் வழக்கைச் சொல்கிறேன். நாகர்கோவிலில் பிறந்த தமிழர், இஸ்ரோவின் திரவ எரிபொருள் எஞ்சின்களுக்கு உழைத்தவர். 1994 அக்டோபரில் திருவனந்தபுரத்தில் ஒரு மாலத்தீவுப் பெண் கைதானதில் தொடங்கி, ராக்கெட் இரகசியங்கள் விற்கப்பட்டதாக ஒரு பெரிய கதை எழுந்தது. நவம்பர் 30-ஆம் தேதி நம்பி நாராயணன் கைது செய்யப்பட்டார். அன்று மலையாளச் செய்தித்தாள்கள் வாரக்கணக்கில் எழுதியதை நான் படித்தேன். நீதிமன்ற வளாகத்துத் தேநீர்க் கடையில் நம்பாதவர் ஒருவரும் இருக்கவில்லை. அதற்கு அடித்தளமாக இருந்தவை காவலில் எடுத்த வாக்குமூலங்கள். போலீஸ் அதிகாரியிடம் சொன்ன ஒப்புதலை நீதிமன்றம் ஏற்காது என்று 1872-ஆம் ஆண்டுச் சட்டம் சும்மா எழுதி வைக்கவில்லை. 1996-இல் சிபிஐ அந்த வழக்கு பொய் என்று அறிக்கை கொடுத்தது. 1998-இல் மறுவிசாரணைக்கான மாநில அரசின் முயற்சியை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. 2018 செப்டம்பர் 14-இல் 50 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கச் சொல்லி, அதிகாரிகளின் பங்கை ஆராய நீதிபதி டி.கே. ஜெயின் தலைமையில் குழுவையும் அமைத்தது. அரசாங்கமே சொன்ன சதிக்கதை ஒன்று பொய்யென்று காட்டப்பட்டதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு நம் பகுதியில் இல்லை.

அதன் இடத்தில் இப்போது இன்னொரு கதை உட்கார்ந்திருக்கிறது. மிகக் குளிர்ந்த திரவ எரிபொருளில் இயங்கும் கிரையோஜெனிக் ராக்கெட் எஞ்சினுக்கான இந்தியாவின் முயற்சியைக் கெடுக்க அமெரிக்க உளவுத்துறை தீட்டிய சதி அது என்பது. நம்மவர்களில் முக்கால்வாசிப் பேர் அதை ஐயமின்றி நம்புகிறார்கள். ரஷ்யாவின் கிளாவ்காஸ்மாஸ் நிறுவனத்தோடு 1991-இல் இந்தியா செய்த ஒப்பந்தத்தை அமெரிக்கா எதிர்த்தது, 1992-இல் இஸ்ரோ மீது தடை விதித்தது, 1993-இல் தொழில்நுட்பத்தைத் தர முடியாது என்று ரஷ்யா பின்வாங்கியது ஆகிய மூன்றும் வெளிப்படையான வரலாறு. உள்நோக்கம் இருந்தது என்று இதிலிருந்து சொல்லலாம். ஆனால் உள்நோக்கம் உள்ளவர் எல்லோரும் குற்றம் செய்தவர் ஆகிவிட்டால் ஒவ்வொரு பங்காளிச் சண்டையிலும் கொலைக்குற்றவாளிகள் கிடைப்பார்கள். திருவனந்தபுரத்தில் பொய் வழக்குப் போட்டவர்களுக்கும் வெளிநாட்டுக்கும் இடையில் உள்ள கண்ணியை எந்த நீதிமன்றமும் மெய்ப்பிக்கப்பட்டதாகச் சொல்லவில்லை. மேலும், அமெரிக்காவின் எதிர்ப்பு கைதுக்கு முன்பே பலித்துவிட்டது என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஒப்பந்தம் 1993-லேயே மாறிவிட்டது. என் முடிவு: மெய்ப்பிக்கப்படவில்லை. நம் ஊர்க்காரருக்கு அநியாயம் நடந்திருக்கிறது என்ற நியாயமான வருத்தமே இந்த இடத்தில் நம் கையைப் பிடித்து இழுக்கிறது.

வாட்ஸ்அப்பில் வருகிறவற்றைப் பற்றி ஒன்று. சாட்சிக் கூண்டில் ஏறுகிற ஐந்து பேரும் ஒரே சொற்களில், ஒரே வரிசையில் சொன்னால் குறுக்கு விசாரணைக்கு எழும் வக்கீலுக்கு மனம் குளிரும். யாரோ உட்கார்ந்து பாடம் நடத்தியிருக்கிறார்கள் என்று பொருள். உண்மையாகவே பார்த்தவர்கள் சட்டையின் நிறத்திலும் நேரத்திலும் முரண்படுவார்கள், முக்கியமானதில் ஒத்துப்போவார்கள். மாமாவின் கைபேசிக்கு இருபது பேர் அனுப்பிய ஒரே செய்தி, கமா உட்பட மாறாமல் வந்திருந்தால், சாட்சி ஒருவர்தான். அந்த ஒருவர் யார் என்று தெரியாவிட்டால் சாட்சியே இல்லை.

இனி ஆழியாற்றுத் தண்ணீர். மாமாவின் மூன்று நம்பிக்கைகளில் எளிதாகச் சோதிக்கக்கூடியது இதுதான் என்பதால் பேச்சை இதிலிருந்து தொடங்கச் சொல்வேன். 1970-ஆம் ஆண்டின் பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தப்படி சித்தூர்ப் புழைக்கு ஆண்டுக்கு 7.25 டிஎம்சி தண்ணீர் மணக்கடவு அணைக்கட்டு வழியாக வர வேண்டும். அங்கே அளவு எடுக்கப்படுகிறது, இரண்டு மாநில அதிகாரிகளும் அந்தக் கணக்கை வைத்தே சண்டை போடுகிறார்கள். தமிழ்நாட்டுப் பக்கம் வாய்க்கால் ஓரங்களில் திருட்டுத்தனமாகத் தண்ணீர் உறிஞ்சப்படுவது அவ்வப்போது செய்தியாகவே வருவது, அது உண்மை. இரவோடு இரவாக அரசே திருப்புகிறது என்பது அதிலிருந்து பெரிய தாவல். ஒரு தண்ணீர் ஆண்டின் மணக்கடவுக் கணக்கை இரண்டு பேருமாகத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குங்கள். ஆனால் விண்ணப்பம் போடும் முன்பே, எந்த எண் வந்தால் மாமா சரி, எந்த எண் வந்தால் மாமா விட்டுக்கொடுப்பார் என்று ஒரு தாளில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். எண் வந்த பிறகு எழுதினால் பயனில்லை. அளவுமானியே பொய் என்று அவர் முன்கூட்டியே சொன்னால், அளவுமானியின் மேல் நம்பிக்கை வர என்ன வேண்டும் என்று கேளுங்கள்; "எதுவும் போதாது" என்பது பதிலானால், அது தண்ணீரைப் பற்றிய கூற்றாக இருப்பதை நிறுத்திவிட்டது என்று அவருக்கே சொல்லலாம்.

பேசிப் பயன் உண்டா என்பதில், நான் முன்பே சொன்னபடி, படித்ததை மட்டும் சொல்கிறேன். எதிரான ஆதாரத்தைக் காட்டினால் நம்பிக்கை இன்னும் இறுகிவிடும் என்று நைஹன், ரைஃப்லர் என்ற இரு ஆய்வாளர்கள் 2010-இல் எழுதியது உலகெங்கும் பரவியது. வுட், போர்ட்டர் என்ற இருவர் 10,000-க்கு மேற்பட்டவர்களிடம் 52 விஷயங்களில் சோதித்து 2019-இல் வெளியிட்டபோது அப்படியொரு விளைவு ஏறக்குறைய தென்படவில்லை. 2024-இல் 'சயன்ஸ்' இதழில் வந்த ஓர் ஆய்வில், சதிக்கதையை நம்புகிறவர் சொல்லும் குறிப்பிட்ட காரணத்துக்கே குறிப்பான பதிலைச் செயற்கை நுண்ணறிவு உரையாடல் வழியாகக் கொடுத்தபோது நம்பிக்கை சராசரியாக ஐந்தில் ஒரு பங்கு குறைந்து, இரண்டு மாதங்களுக்குப் பிறகும் அப்படியே இருந்தது. எல்லாமே அமெரிக்கர்களிடம் நடந்த ஆய்வுகள். ஒரு தாய்மாமாவிடம் மருமகன் பேசுவதில் இருக்கும் மரியாதைக் கணக்கு அவற்றில் இல்லை. ஆனாலும் என் தொழில் அனுபவத்தோடு அவை ஒத்துப்போகின்றன: பொதுவான உபதேசம் எடுபடாது, அவர் சொன்ன அந்த ஒரு காரணத்துக்கு அந்த ஒரு பதில் சில வேளை எடுபடும்.

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எல்லோர் முன்னிலையிலும் இதை ஆரம்பிக்க வேண்டாம். அங்கே அவர் வாதாடுவது கருத்துக்காக மட்டும் இருக்காது, முகத்துக்காகவும் இருக்கும். தனியாக, அவர் தோட்டத்தில் இருக்கும் நேரத்தில், பிளாச்சிமடையில் அவர் சொன்னதே சரி என்பதை முதலில் ஒப்புக்கொண்டுவிட்டு, மணக்கடவுக் கணக்கை மட்டும் எடுத்துக்கொண்டு பேசுங்கள். தடுப்பூசியைப் பற்றி அன்றைக்கு வாயே திறக்காதீர்கள். வீட்டில் ஊசி போட வேண்டிய குழந்தை இருந்தால் மட்டும் அதைத் தள்ளிப்போடாமல், அவருடைய சம்மதத்துக்குக் காத்திராமல், ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுங்கள்.